எங்கள் வீட்டுக் கரிநாள் சண்டை

எங்கள் வீட்டில் பொங்கலை விடக் கரிநாள்தான் பெரிய பண்டிகை. தை முதல் நாள் வாசலில் பானை வைத்து, கரும்பு சாத்தி, சூரியனைக் கும்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது. சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. மாட்டுப் பொங்கல் மாடுகளுக்கு. அதற்கு மறுநாள்தான் எங்களுக்கு. ஊரில் ஆட்டை அறுத்துக் கூறு போடுவார்கள், காவேரிப்பட்டணத்திலிருந்து அத்தை குடும்பம் வரும், அடுத்த தெருவிலேயே இருக்கும் சித்தப்பா குடும்பமும் ஏதோ வெளியூரிலிருந்து வருகிற மாதிரிப் புதுத் துணி போட்டுக்கொண்டு வரும், ராகிக் களியும் பிதுக்கம்பருப்பு, அதாவது தோல் பிதுக்கிய அவரைப் பருப்பு, போட்ட கறிக்குழம்பும் ஆகும், எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள், பாதிச் சாப்பாட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை வரும்.

வருஷா வருஷம் வரும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எல்லா வீட்டிலும் இப்படித்தான் போல, படைப்பதும் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் சேர்ந்ததுதான் பண்டிகை போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கல் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் கூட்டுக் குடும்பப் படங்களாக வந்து குவியும், பாட்டி தாத்தா பேரன் பேத்தி எல்லோரும் இலை முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அவை இன்றைக்கும் ஒட்டுவதில்லை. எங்கள் வீட்டிலும் பழைய கரிநாள் படம் ஒன்று இருக்கிறது, அதில் சித்தப்பா இலையில் பாதிக் களி இருக்கும், சித்தப்பா இருக்கமாட்டார்.

ஊர் காரிமங்கலம் பக்கம். இப்போது நான் இருப்பது ஓசூரில், அண்ணன் பெங்களூரில். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் பெங்களூர் ரோட்டின் வழியாகத்தான் பிழைக்கப் போனோம், பொங்கலுக்கு அதே ரோட்டில் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றுதான் திரும்பி வருகிறோம். சரி, அது வேறு கதை.

சண்டைக்கு முன்னால் குழம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சண்டை ஆரம்பிப்பதே குழம்பில்தான். எங்கள் பக்கம் மானாவாரியாக ராகி விதைக்கும்போது நடுநடுவே ஒரு சால் அவரை போடுவார்கள். ஆடி, ஆவணி மழையில் இரண்டும் சேர்ந்தே முளைக்கும். கார்த்திகை, மார்கழியில் ராகியை அறுத்துவிடுவார்கள், அவரை மட்டும் கொல்லையில் நிற்கும். பகல் பொழுது குறைய ஆரம்பித்தால்தான் அந்தச் செடிக்குப் பூக்கவே தோன்றும், அதனால் காய் முற்றுவது சரியாகப் பொங்கலை ஒட்டித்தான். அந்தப் பச்சைக் கொட்டைக்கு ஒரு வாசம் உண்டு. தோலில் எண்ணெய் மாதிரி ஒரு பிசுபிசுப்பு, காய் உரித்த கையில் மறுநாளும் இருக்கும். பனி நன்றாகப் பெய்த வருஷத்தில் வாசம் தூக்கலாக இருக்கும் என்று ஆயா, அதாவது பாட்டி, சொல்வார். பெங்களூரில் ஜனவரியில் இந்த அவரைக்கென்றே மேளா நடக்கும். ஒருமுறை அண்ணன் கூட்டிப் போனான். அவரை போட்ட தோசை, அவரை மிக்சர், ஜிலேபியில்கூட அவரை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே யாரோ பிதுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் அதில் என்ன இருக்கிறது.

எங்கள் வீட்டில் பிதுக்குவது மாட்டுப் பொங்கல் ராத்திரி. காலையில் காய் பறித்து, மத்தியானம் உரித்து, கொட்டையை அண்டாவில் ஊறப்போட்டு, மாட்டுக்கு எல்லாம் முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு கூடத்தில் பாயை விரித்து அண்டாவைச் சுற்றி உட்காருவோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொட்டையை வைத்து ஓர் அழுத்து, தோல் கையில் நிற்கும், பருப்பு குண்டானில் விழும். பெரியவர்களுக்கு விழும். எங்கள் பருப்பு எதிரில் உட்கார்ந்திருக்கும் அத்தை பிள்ளைகள் நெற்றியில் போய்ப் படும், அவர்கள் திருப்பி அடிப்பார்கள், ஆயா தோல் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களை மிரட்டுவார். "பேசிக்கினே பிதுக்குங்கடி, பேச்ச நிறுத்துனா தூக்கம் வந்துரும்" என்பார். அந்த ராத்திரியில்தான் யார் வீட்டில் என்ன நடந்தது, யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், யார் நகையை அடகு வைத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. ஆண்களும் பிதுக்குவார்கள். அப்பாவும் சித்தப்பாவும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து அவ்வளவு சமாதானமாகப் பிதுக்குவார்கள், பார்க்கிறவர்கள் நாளைக்கு இவர்கள் கையை நீட்டிக் கத்தப்போகிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். தோலெல்லாம் விடியற்காலை மாட்டுக்குப் போய்விடும்.

மறுநாள் சமையலில் முதல் பேச்சு தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பருப்பு வேகவே வேகாது, ஆயா ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டுவிட்டு அடுப்பைத் திட்டிக்கொண்டிருப்பார். இந்த மாவட்டத்துப் பாறைத் தண்ணீரில் உப்பு மட்டுமா, புளோரைடும் இருக்கிறது, என் வயதுக்காரர்கள் பலருக்கும் பல்லில் அந்தப் பழுப்புக் கறை உண்டு, அப்பாவுக்கு முன்பல் எல்லாமே அப்படித்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வர ஆரம்பித்தது, எங்கள் தெருக் குழாய்க்கும் வந்தது. அம்மா முதல் கரிநாளிலேயே அந்தத் தண்ணீரில் பருப்பை வேகவைத்தார். நிமிஷத்தில் வெந்துவிட்டது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "காவேரித் தண்ணில வெந்தா பருப்பு கொழகொழன்னுதான் இருக்கும், கெணத்துத் தண்ணில வெந்தாத்தான் பருப்பு பருப்பா இருக்கும்" என்றார். சித்தப்பா நிமிராமலே, "ஆமாண்ணா, அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சிதான் உம் பல்லு அவ்ளோ அழகா இருக்குது" என்றார்.

இது தொடக்கம்தான். கிணறு என்று பேச்சு வந்தால் கிணற்றுப் பங்கு வரும், பங்கு வந்தால் பாகப் பிரிவினை வரும், பாகப் பிரிவினை வந்தால் வரப்பில் நிற்கும் புளியமரம் வந்தே தீரும். அந்த மரம் தாத்தா வைத்தது. நிலத்தைப் பிரித்தபோது வரப்பு அடிமரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு வருஷம் அப்பா உலுக்கினால் சித்தப்பாவுக்குக் கோபம், மறு வருஷம் சித்தப்பா உலுக்கினால் அப்பாவுக்குக் கோபம். புளியமரம் ஒரு வருஷம் கொட்டிக் கொடுக்கும், மறு வருஷம் ஏமாற்றும். கொட்டிக் கொடுத்த வருஷமெல்லாம் தம்பி கைக்கே போனதாக அப்பா கணக்கு, அண்ணன் கைக்குப் போனதாகச் சித்தப்பா கணக்கு. தருமபுரியில் புளியை வைத்துச் சண்டை போடாத பங்காளிகள் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

நடுவில் அத்தை சமாதானம் பேச வருவார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்து, காவேரிப்பட்டணம் அந்தப் பக்கம் போனதிலிருந்து அத்தைக்கு அந்த உரிமையும் போய்விட்டது. "நீ வேற ஜில்லா, உள்ளூர் விஷயத்துல தலையிடாத" என்பார் அப்பா. சண்டையின் உச்சத்தில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி ஒன்றாகிவிடுவார்கள், வேற ஜில்லாக்காரர்களுக்கு நல்லி எலும்பு கிடையாது என்று சித்தப்பா சொல்ல, அத்தை அவர் இலையிலிருந்தே எடுத்துக்கொள்வார். 1965க்கு முன்னால் நாம் எல்லோருமே சேலம் ஜில்லாதானே என்று மாமா ஏதாவது சொல்லப் போய், அவரை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

முடிவு எப்போதும் ஒன்றுதான். சித்தப்பா பாதி இலையில் எழுந்து, கையைக் கழுவி, இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். அம்மா ஒன்றும் கேட்காமல் தட்டில் களி உருண்டையும் சுண்டிப்போன குழம்பும் வைத்துக் கொடுப்பார். மத்தியானத்தை விட ராத்திரிதான் அந்தக் குழம்பு நன்றாக இருக்கும், அதற்காகவே சித்தப்பா கோபித்துக்கொள்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

களியைப் பற்றியும் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் கும்பகோணத்துக்காரர். கல்யாணமான முதல் கரிநாளில் அவருக்கு ஒரு முழு உருண்டை வைத்தார்கள். எங்கள் அம்மா களி கிளறுவதை அவர் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நொய்யரிசியை வேகவிட்டு, மேலே ராகி மாவைக் குவித்து, நடுவில் ஒரு குழி போட்டு, மூடி வேகவிட்டு, அப்புறம் பானையை இறக்கி இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பைச் சுழற்றுவார், கட்டி ஒன்று இருக்காது. ஈரக் கையால் தொட்டுப் பார்ப்பார், ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதையெல்லாம் ஆச்சரியமாகப் பார்த்த மனிதர் உட்கார்ந்து அதை மெல்ல ஆரம்பித்தார். மென்றுகொண்டே இருந்தார். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, அத மெல்லக்கூடாதுங்க, கொழம்புல தொட்டு முழுங்கிடணும்" என்றார். புது மாப்பிள்ளை முன்னால் சண்டை வேண்டாம் என்று நான் இருவரிடமும் தனித்தனியாகக் கெஞ்சி வைத்திருந்தேன். மோர் ஊற்றுகிற வரைக்கும் தாங்கினார்கள்.

அப்பா 2020 ஆவணியில் போனார். அடுத்த தையில் எங்கள் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை, வைக்கக்கூடாது. அந்த வருஷம் பார்த்து ரேஷனில் 2500 ரூபாயும், அரிசி, சர்க்கரை, முந்திரி, திராட்சை, முழுக் கரும்பும் கொடுத்தார்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார், அண்ணன் போய் வாங்கி வந்துவிட்டான். கரும்பை என்ன செய்வது என்று தெரியாமல் அது மாட்டுக் கொட்டகையில் கிடந்து காய்ந்தது. கரிநாளன்று சின்னம்மா குழம்பு கொண்டுவந்து கொடுத்தார், கறி போடாத வெறும் பருப்புக் குழம்பு. யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை.

அதற்கடுத்த வருஷங்களில் எல்லாம் பழையபடி நடக்கத்தான் செய்தது. காய் பறித்தோம், பிதுக்கினோம், கூறுக்கறி வாங்கினோம். அப்பாவுக்குப் படையல் போட்டோம், எங்களுக்குக் கரிநாளில்தான் படையல். களி, குழம்பு, வறுவல், வேட்டி துண்டு, அவர் பிடிக்கிற பீடிக்கட்டு. சித்தப்பா ஒரு குவார்ட்டரும் கொண்டுவந்து ஓரமாக வைத்தார், அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தால் எல்லோருக்கும் அப்படி ஒரு மரியாதை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி" என்று அம்மா சொல்வார், "போதும் அண்ணி" என்று சித்தப்பா சொல்வார். அவர் வாயிலிருந்து போதும் என்ற சொல்லை அப்பா இருந்தவரை நான் கேட்டதில்லை. தண்ணீர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மரம் பற்றிப் பேச்சு வந்துவிடுமோ என்று அத்தை சம்பந்தமே இல்லாமல் மாங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், பங்குனியில் வரவேண்டிய பேச்சு அது. சாப்பாடு சீக்கிரம் முடிந்தது. நாலு மணிக்கெல்லாம் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராத்திரி குழம்பு மீந்தது, அம்மா அதைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி மூன்று நாள் சாப்பிட்டார்.

செத்த வீட்டில் சண்டை வேண்டாம் என்று எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த நல்லதனத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அப்பா இருந்ததற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி, அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தோன்றியது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "உனக்கென்னடி, நீ ஓசூர்ல இருந்து வந்து பாத்துட்டுப் போவ, அந்தச் சண்டைல நான் எத்தினி வருஷம் பச்சத் தண்ணி குடிக்காமப் படுத்துருக்கேன் தெரியுமா" என்றார். அதுவும் நிஜம்தான். எனக்கு அது பண்டிகை, அம்மாவுக்கு அது வேலையும் தலைவலியும்.

அதோடு இன்னொன்று நடந்தது. அப்பா இறந்த பிறகு வந்த முதல் புளிக்கே சித்தப்பா மரத்தை உலுக்கி, ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டி, கல்லுப்பு போட்டு ஒரு பெரிய மண்பானை நிறைய அடைத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாதிப் பங்கு இல்லை, அதற்கும் மேலே. ஆள் வரவில்லை, பானையை அவர் மகன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். அம்மா அதைப் பரண் மேல் ஏற்றச் சொல்லிவிட்டு, கடையில் கால் கிலோ கால் கிலோவாகப் புளி வாங்கிச் சமைத்தார். எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தி, மரம் வைத்திருப்பவள், கடையில் புளி வாங்குவதை ஊரே பேசியிருக்கும். நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மறு வருஷமும் ஒரு பானை வந்தது, அதுவும் பரணுக்குப் போனது.

போன கரிநாளில்தான் இதெல்லாம் வெளியே வந்தது. படையலுக்குச் சொம்பில் தண்ணீர் வைக்கவேண்டும். அத்தை குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சித்தப்பா பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியா அண்ணனுக்கு? கெணத்துத் தண்ணி கொண்டாங்க" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஏன் சித்தப்பா, பல்லு கெட்டுப்போயிரும்னு நீங்கதான சொல்வீங்க" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சித்தப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "நான் சொல்லலாம்டா, நீ சொல்லக்கூடாது. எங்கண்ணனுக்கு அந்தத் தண்ணிதான் புடிக்கும், அதத்தான் வெக்கணும்" என்று சத்தம் போட்டார். அந்தக் கிணற்றில் இப்போது அடியில் கொஞ்சம் பாசித் தண்ணீர்தான் கிடக்கிறது, போர்வெல் போட்ட பிறகு யாரும் இறைப்பதில்லை. அத்தை அதைச் சொல்ல, பாசியா இருந்தா என்ன, அவர் என்ன குடிச்சிப் பார்த்துக் குறை சொல்லப்போறாரா என்று சித்தப்பா கேட்க, அப்ப எந்தத் தண்ணிய வெச்சா என்ன என்று மாமா நியாயமாக ஒரு கேள்வி கேட்க, மறுபடியும் அவரை யாரும் கவனிக்கவில்லை.

அம்மா துடுப்போடு அடுப்படியிலிருந்து வந்தார். "அவுரு இருக்கும்போது ஒரு புடி புளிக்கு மல்லுக்கட்டுனீங்க. இப்ப அவுருக்குத் தண்ணி வெக்கறதுக்குச் சண்டை, எனக்குப் பானை பானையாப் புளி. நான் இத என்னான்னு எடுத்துக்கறது தம்பி?"

"குடுத்தாலும் தப்பு, குடுக்கலன்னாலும் தப்பா அண்ணி?"

"குடுக்கறவரு நேர்ல வந்து குடுக்கணும். பையன்கிட்ட குடுத்தனுப்பிட்டு நீங்க எங்க போனீங்க?"

சித்தப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார், போகும்போது வாசப்படி மிதிக்கமாட்டேன் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார். என் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், இப்படி ஒரு சத்தத்தை அவர்கள் அந்த வீட்டில் கேட்டதில்லை. சின்னம்மா மட்டும் அசையாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, "தண்ணியோட வருவாரு, விடுங்கக்கா" என்றார். வந்தார். வேட்டியில் வடிகட்டிய அரைச் சொம்புத் தண்ணீரைப் படையலில் வைத்தார். அதன் பிறகு சாப்பிட உட்கார்ந்தபோது மரம் வந்தது, வரப்பு வந்தது, சர்வேயரை வைத்து அளக்கலாம் என்று அண்ணன் சொன்னது வந்தது, எங்கப்பன் வெச்ச மரத்த எவன்டா அளக்கறது என்று சித்தப்பா சொன்னது வந்தது. அவர் மூன்று உருண்டை சாப்பிட்டார். அத்தை குடும்பம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ராத்திரி தங்கியது.

சமாதானம் ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. பரண் மேல் இருந்த பானையை அம்மா இறக்கினார், அதிலிருந்து புளி எடுக்கிறார், ஆனால் அது இரவல்தான், கணக்கு வைத்திருக்கிறேன் என்கிறார். சித்தப்பா மறுபடியும் வரப்பு தன் பக்கம்தான் என்று ஆரம்பித்திருக்கிறார். இந்த வருஷம் மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடக்கிறது. மாசியில் உலுக்கும்போது நானும் அண்ணனும் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கவேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்துவிட்டார். உதவிக்கு இல்லையாம், சாட்சிக்காம்.